கோலுக்குப் பின்னால் நின்ற மாலை

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். எஸ்.எஸ்.சி. வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன். இரண்டு முறையும் தேறவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்த துண்டுச் சீட்டுகள்தான். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் ஒரு விஷயத்தை இருபது வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதில் சம்பந்தப்பட்டவர் போன மாரியில் காலமாகிவிட்டார். இனி அதைச் சொன்னால் யாருடைய வேலையும் போகாது.

அவரை ஊரில் எல்லோரும் கோலி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காவலர். ஒரு கையால் பந்தைப் பிடித்து மற்றக் கையால் சாரத்தை இறுக்கிக் கட்டுவார் என்று பக்கத்து ஊர்களில் கதை இருந்தது. சாரத்தோடு அவர் விளையாடியதை நான் கண்டதில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டவனுக்குப் பந்தை உதைக்கும்போது கால் கொஞ்சம் கூசும். அதுவே எங்களுக்குப் பாதி வெற்றி.

நான் அவருக்கு மாற்று ஆள். ஆறு வருடமாகக் காற்சட்டைக்கு மேல் சாரம் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தேன். அவர் ஒரு ஆட்டமும் தவறியதில்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் தனியே நிற்பதை என்னால் நினைத்தும் பார்க்க முடியாது.

அந்த வருடம் கழகம் தோற்றுக்கொண்டே போனது. அவருக்கு நாற்பத்தொரு வயது. ஒரு நாள் பயிற்சி முடிந்து வாவிக்கரை வழியாக வீட்டுக்குப் போகும்போது அவர் என் தோளில் கை போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரில் வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும். நாலாவது நாள், குறுக்கே வாய்க்கால் வெட்டியிருந்த இடத்துக்கு வந்ததும் அந்தக் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. ஒரு சாண் அகல வாய்க்கால். அவர் காலால் தடவிப் பார்த்து, பெரிய ஆற்றைத் தாண்டுவதுபோல் தாண்டினார்.

பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். வெயில் இருக்கும்வரை அவர் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. பொழுது சரிந்ததும் வேலியில் போட்ட சட்டையை ஒரு முழம் தள்ளித் தேடுவார். நாங்கள் வாங்கிய கோல்களை மனதில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எல்லாமே கடைசிக் கால்மணி நேரத்தில் விழுந்தவை. அவருக்கு மாலைக்கண்.

இதை நான் யாரிடம் சொல்வது? கழகத் தலைவர்தான் எங்கள் ஊர்த் துறையில் ஓடிய பாதைக்கு ஓவசியர், ஆட்களை வேலைக்கு வைக்கிற மேற்பார்வையாளர். பாதை என்றால் வாவியைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகிற பெரிய மிதவை. கோலி அண்ணன் அதில் காலை முறையில் வேலை செய்தார். நிரந்தர வேலை இல்லை. கோல் காப்பதற்காக ஓவசியர் கொடுத்த வேலை அது. கோல் இல்லையென்றால் வேலையும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அடுத்த கோல் காவலனுக்கு அந்த இடம் போகும் என்பதும் தெரியும். அந்த அடுத்தவன் நான். வாயைத் திறந்தால் நான் அவருடைய சோற்றில் கை வைத்தவன் ஆவேன். திறக்காவிட்டால், இருட்டில் எவனோ ஒருவனின் பூட்ஸ் காலுக்கு முன்னால் அவர் தலையைக் கொண்டுபோய் வைப்பார். பாய்ந்து பந்தை அணைக்கிறவர் அவர். இரண்டையும் நினைத்து எனக்கு நித்திரை கெட்டது.

வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய ஞாயிறு, தையற்கடை விறாந்தையில் கூட்டம் நடந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றால் எங்களை இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். கோலி அண்ணனும் ஒரு மூலையில் வாங்குப் பலகையில் இருந்தார்.

"முகத்துக்கு நேர சொல்றன், கோவிக்கப்படாது அண்ணே," என்றான் கப்டன். அவன் பஸ் கொண்டக்டர். "கடைசி மூண்டு ஆட்டத்தில ஒம்பது கோல். உங்களுக்கு மூச்சு வாங்குது. இந்த ஒண்டுக்குத் தம்பி நிக்கட்டும்."

"எந்தத் தம்பி? இவனா?" பின்வரிசையில் ஆடுகிற ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இவன் பந்தைக் கண்டா வழி விட்டுக் கும்பிடுவான்காணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அண்ணன் நிக்கிறார் எண்டாலே அவனுகளுக்குக் கால் நடுங்கும். அந்தப் பயத்தை எடுத்துப்போட்டு மறுகா என்னத்தக் கொண்டு விளையாடுற?" என்றார் தையற்காரர்.

"பயம் எங்க இரிக்கு? போன முறை அவனுகள் பாட்டுப் பாடிக்கொண்டல்லோ அடிச்சவனுகள்," என்றான் கப்டன்.

ஓவசியர் என் பக்கம் திரும்பினார். "டேய் தம்பி, நீதான் மாற்று ஆள். நீ சொல்லு. நிப்பியா?"

கோலி அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "ஐயா, ஆட்டத்தை மூண்டரைக்குத் தொடங்கினா என்ன?"

விறாந்தையே சிரித்தது.

"மூண்டரை வெயிலில மாடும் மேயாது!" என்றார் ஓவசியர். "வயல்வட்டைக்குப் போன சனம் திரும்பி வரவேணாமா? நாலே முக்காலுக்குத்தான் பந்து உருளும். கோலி நிக்கட்டும். இவன்ட கதையக் கேட்டா நாம விளையாடினாப்போலதான்."

எல்லோரும் சிரித்தபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கோலி அண்ணன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பகல் வெளிச்சம். அந்தக் கண்கள் என்னை நன்றாகவே பார்த்தன.

திரும்பும் வழியில் அவர் என் தோளில் கை போடவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் கேட்டார்:

"எப்ப இருந்து தெரியும்?"

"வாய்க்கால்ல இருந்து அண்ணே."

"ஆரிட்டயும் சொன்னியா?"

"இல்ல அண்ணே."

"சொல்லாத மனே. மூத்தவளுக்கு வீடு குடுத்திட்டன். ரெண்டாமவளுக்குச் சுவர்தான் எழும்பியிரிக்கு. கூரை இல்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள வந்து இருப்பான்? இந்த ஒரு ஆட்டம்தான். மறுகா மாரி வந்திரும், அடுத்த ஆட்டத்துக்கு ஏழெட்டு மாசம் இரிக்கு. அதுக்குள்ள கூரையப் போட்டிருவன்."

"டொக்டரிட்டக் காட்டினா..."

"அவர் கடதாசியில எழுதுவார். கடதாசி எங்க போகும்? ஓவசியரிட்ட."

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. அவரே ஒரு வழி சொன்னார். பொழுது மங்கினதும் நான் கோலுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். பந்து இடப்பக்கம் வந்தால் "விடாத!" என்று கத்த வேண்டும். வலப்பக்கம் வந்தால் "பிடி!" சும்மா பார்க்க வந்தவன் கத்துவதுபோல் இருக்கும்.

"அண்ணே, உங்களைப் போய் நான் பிடி, விடாத எண்டு..."

"பிடியுங்க எண்டு நீ மரியாதையாச் சொல்லி முடியக்குள்ள கோல் விழுந்திரும். எங்க, ஒருக்காக் கத்து பாப்பம்."

கத்தினேன்.

"இதா சத்தம்? கோழிக்குஞ்சு கூட இதைவிடக் கத்தும்," என்றார். அவர் சிரித்தது அந்த வாரத்தில் அந்த ஒரு முறைதான்.

ஆட்ட நாள் வந்தது. மைதானம் வாவியை ஒட்டியது. வெயில் இருந்த முதற்பாதியில் கோலி அண்ணன் பழைய ஆளாகவே நின்றார். மூன்று பந்துகளை அணைத்தார். நாங்கள் ஒரு கோல் போட்டோம். சனம் விசிலடித்தது. கப்டன்கூட ஓடிப்போய் அவர் முதுகில் தட்டினான். தோற்காமல் இருந்தாலே எங்களுக்குப் போதும்.

இரண்டாம் பாதியில் சூரியன் வாவிக்கு மேற்கே படுவான்கரைத் தென்னைகளுக்குள் இறங்கியது. நான் எழுந்து கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புறங்கையால் கம்பத்தைத் தொட்டுத் தன் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டார். நான் அவ்வளவு கிட்டத்தில் நின்றதால்தான் அது தெரிந்தது.

முதற்பந்து வலப்பக்கமாக வந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மெய்யாகவே வரவில்லை. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. எந்தக் கம்பம் என்று தெரியாமல் அவர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினார். நான் பேசாததால் இந்த மனிதன் சாகப்போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்தது இடப்பக்கம். "விடாத!" என்று கத்தினேன். என்னிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவர் இடப்பக்கம் பாய்ந்தார். மடக்கிய கையில் பட்டுப் பந்து வெளியே பறந்தது. சனம் ஆர்ப்பரித்தது. இன்னும் ஒன்று. "பிடி!" அதையும் பிடித்தார். விழும்போது எதிரணிக்காரனின் பூட்ஸ் அவர் காதைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு விரற்கடை உள்ளே வந்திருந்தால் தலையில் விழுந்திருக்கும்.

அப்போதுதான் எதிரணிக் கப்டன் நடுவரிடம் கையை நீட்டிக் காட்டினான். "பின்னால ஒருத்தன் நிண்டு சொல்லிக் குடுக்கிறான் சேர்!" நடுவர் விசிலடித்து, என்னை அங்கிருந்து போகும்படி கையசைத்தார்.

நான் கோட்டோரமாக நடந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். கோலி அண்ணன் பின்னால் திரும்பி, நான் நின்றிருந்த இடத்தைப் பார்த்து மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. அது அவருக்குத் தெரியவில்லை.

அதைப் பார்த்தபோது வந்த பயம் போல அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நான் ஓடினேன். ஓவசியர் கோட்டோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அண்ணனை வெளியில எடுங்க."

"என்னகா? பிடிச்சுக்கொண்டல்லோ நிக்கிறான்?"

அவர் என் முகத்தையே பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். கண் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூரையில்லாத சுவர்களும் கூடவே வந்தன.

"முழங்கால் ஐயா. விழக்குள்ள பிசகிப்போட்டு. நான் கிட்ட நிண்டு கண்டன்."

"இடம் பிடிக்கப் பாக்கிறான்," என்று யாரோ சொன்னார்கள். "ஆறு வருசமாக் குந்தியிருந்து குந்தியிருந்து இப்ப அவசரம் வந்திட்டு."

ஓவசியர் எழுந்து நின்று மைதானத்தைப் பார்த்துக் கூவினார்: "கோலி! முழங்கால் பிசகிப்போட்டா?"

ஆட்டம் கொஞ்சம் நின்றது. கோலி அண்ணன் சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். அவர் இல்லையென்று சொல்லியிருந்தால் என்னை அந்த இடத்திலேயே அடித்திருப்பார்கள். பிறகு அவர் மெதுவாகக் குனிந்து, தரையில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

கோல் காவலருக்குக் காயம் என்றால் இரண்டு கப்டன்மாரும் சம்மதித்து மாற்று ஆளை விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் சாரத்தைக் கழற்றினேன். இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கடக்கும்போது தன் தொப்பியை என் கையில் வைத்து, காதோடு கேட்டார்:

"எந்தக் கால் எண்டு சொன்ன நீ?"

"சொல்லல்ல அண்ணே."

"அப்ப வலது."

கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கம்பங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நின்றன. ஒரு கோல் விழுந்தது; என் கால்களுக்கு நடுவால் போனதாகச் சொன்னார்கள். இன்னொன்று என் நெஞ்சில் வந்து மோதியது. அதை நான் பிடித்ததாகச் சொன்னார்கள். ஒன்றுக்கு ஒன்று. இறங்காமல் தப்பினோம்.

யாரும் என் முதுகில் தட்டவில்லை. சின்னப் பிசகைப் பெரிதாக்கிச் சொல்லி அண்ணனின் இடத்தைப் பிடுங்கினவன் என்று ஊரில் வெகுநாள் பேச்சிருந்தது. அது எனக்குக் கலியாணம் பேசிய இடம்வரை போனது. நான் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் மிச்சத்தையும் சொல்ல வேண்டுமே.

அன்று வீட்டுக்குப் போகும்போது அவர் நொண்டிக்கொண்டு என் தோளில் கை போட்டு நடந்தார். நொண்டுகிறவர் ஏன் தோளைப் பிடிக்கிறார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வாய்க்கால் வந்ததும் "வாய்க்கால் அண்ணே" என்றேன். "தெரியும்," என்றார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. நான் பாதையின் முதல் ஓட்டத்தில் அக்கரைச் சங்கக்கடைக்கு வேலைக்குப் போனேன். அவர் எப்போதும்போல் பாதையில் வேலைக்கு நின்றார். ஓவசியர் முழங்காலைப் பற்றி விசாரித்தார். அவர் வலது காலைக் காட்டினார். அன்று அரிசி வரவில்லை. கடையைப் பத்து மணிக்கே பூட்டிவிட்டோம்.