விடிவெள்ளி என்று நான் சொன்னது

தம்பி வயிற்றில் இருந்தபோதே அம்மாவுக்கு மாலைக்கண் வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. புகுந்த வீட்டில் குருடி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருந்தாள். எனக்கு மட்டும் தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஏலக்காய்ப் பறிப்புக்காகக் குரங்கணிக்கு மேலே ஒரு குடிசையில் இருந்தோம். இரவில் நேரம் தெரிய வானத்தை விட்டால் வேறு வழியில்லை. அதனால் அம்மா எனக்கு வானத்து மீன்களைச் சொல்லிக்கொடுத்தாள். அவள் குடிசைக்குள் இருந்தபடி சொல்வாள். நான் வாசலில் நின்று தேடுவேன். முதலில் போடிப் பக்கமிருந்து ஆறாமீன் கொத்தாக ஏறிவரும். அதன் பின்னால் கலப்பை, வரிசையாக மூன்று மீன். விடியப் போகையில்தான் வெள்ளி.

"வெள்ளி மினுங்காது. வெளக்கு மாதிரி அசையாம நிக்கும்" என்பாள்.

ஒரு வாரத்தில் எல்லாம் படித்துவிட்டதாக எனக்குப் பெரிய கர்வம். வெள்ளியை மட்டும் பார்த்ததில்லை. அது வரும் நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில், கைக்குழந்தையாக இருந்த தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்துக் குடிசைக்காரர்கள் பயந்துபோய் மலையிறங்கிவிட்டார்கள். அப்பாவும் வைத்தியரும் போடியில் இருந்தார்கள். பொதிமாடு ஓட்டிய சித்தப்பா, வெள்ளி முளைக்கும்போது ஓடைக்கரைக்கு வந்தால் கூட்டிப்போவதாகச் சொல்லியனுப்பினார்.

அன்றிரவு மழை விட்டிருந்தது. தம்பி அழத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். நான் கண்ணயர்ந்து விழித்தபோது, கலப்பைக்குக் கீழே பெரிதாக ஒன்று எழும்பியிருந்தது. அது மினுங்கியது. மினுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு இன்னும் காத்திருக்க என்னால் முடியவில்லை.

"வெள்ளி மொளச்சிருச்சாத்தா?" என்றாள் அம்மா.

"மொளச்சிருச்சும்மா."

தீப்பந்தத்தோடு நான் முன்னால் நடந்தேன். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அவள் வந்தாள். ஓடைக்கரையில் ஒருவரும் இல்லை. காத்திருந்தோம். பந்தம் அவிந்தது. மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அந்த இருட்டில் திரும்பிப் போகவும் வழியில்லை. அம்மா முந்தானையை இழுத்து அவன்மேல் சுற்றிச் சுற்றி மூடினாள். எவ்வளவு நேரமாகியும் விடியவில்லை. நான் சொன்னது வெள்ளியில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

முனகல் எப்போது நின்றதென்று தெரியாது. வெளிச்சம் வரும் முன்பே அம்மா அவனை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

சித்தப்பா வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து அவன்மேல் போர்த்திவிட்டுக் கேட்டார்:

"எந்த வெள்ளியப் பாத்துக் கெளம்புனீக, மதினி?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நாந்தேன் பாத்தேன். தப்பாப் பாத்துட்டேன்" என்றாள்.

போடியில் அப்பா கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். பெற்ற பிள்ளையை மழையில் வைத்துக் கொன்றவள் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். அப்பா அம்மாவோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

எனக்கோ அவள் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படியானால் அம்மாவுக்கு இரவில் கண் தெரிந்திருக்கிறது, என்னிடம்தான் இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கிறாள் என்று நம்பிவிட்டேன். நம்பியதும் கோபம் வந்தது. அவளாவது சரியாகப் பார்த்திருக்கக் கூடாதா?

பதினாறாம் நாள்வரை நானும் அவளோடு பேசவில்லை. ஏனென்று அவள் கேட்கவும் இல்லை.