பின்னாலேயே வந்த குசினி

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் இன்னொரு தமிழர் வீட்டுக் குசினி, அதாவது சமையலறை. ஒரு வருடம் பாரிஸ், ஒரு வருடம் லண்டன், இடையில் சுவிஸ். போய் இறங்கியதும் ஆண்கள் சோபாவில் சரிந்து நாட்டு அரசியலைத் தீர்க்கத் தொடங்குவார்கள். பெண்கள் நாங்கள் கைப்பையை வைத்த கையோடு வெங்காயம் உரிக்கத் தொடங்குவோம். ஈபிள் கோபுரத்தை நானும் பார்த்திருக்கிறேன், காருக்குள் இருந்தபடி, மடியில் பொரித்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியுடன். படுக்கை வரவேற்பறைத் தரையில். விடிந்ததும் மெத்தையைச் சுருட்டிவிட வேண்டும், வீட்டுக்காரர் அங்கே இருந்துதான் செய்தி பார்ப்பார். விடுமுறை முடிந்து வேலைக்குப் போனால், முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரிகள் "நன்றாக ஓய்வெடுத்தாயா?" என்று கேட்பார்கள். நானும் தலையாட்டுவேன்.

என் கணவர் வோன்வாகன் வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது நான் சண்டை பிடிக்காததற்கு இதுதான் காரணம். வோன்வாகன் என்பது காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் வீடு. கட்டில் இருக்கும், மேசை இருக்கும், கதவைச் சாத்தினால் உள்ளே நாங்கள் மட்டும். எவருடைய வரவேற்பறையும் வேண்டாம், எவருடைய வெங்காயமும் வேண்டாம். பிள்ளைகளும் வளர்ந்து தங்கள் வழியில் போய்விட்டார்கள். ஒரு கிழமை, ஒரேயொரு கிழமை, சமைக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இது பேராசையா?

மனிதர் புதிதாக ஒன்றை வாங்கியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் சிப்ட் வேலை செய்கிறவர். வீட்டுக்கு வந்தால் பழைய வோன்வாகன்களைத் திருத்தும் வீடியோக்கள்தான் பார்ப்பார். எழுபதுகளில் செய்தவைதான் வோன்வாகன், பிறகு வந்தவை எல்லாம் பிளாஸ்டிக் டப்பா என்று அந்த வீடியோக்காரர்கள் அவருக்கு நன்றாக ஓதிவிட்டிருந்தார்கள். டுசல்டோர்ஃபுக்கு வெளியே ஒரு கிராமத்தில், மரத்தடியில் பாசி பிடித்து நின்ற ஒன்றைக் கண்டுபிடித்து, பாரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தால் நனைந்த நாயின் மணம். பின்சுவரோடு குறுக்காக ஒரு குசினி. இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, செம்மஞ்சள் பூப்போட்ட அலுமாரிக் கதவுகள்.

"இஞ்சருங்கோ, ஒரு கதை," என்றேன். "அதுக்குள்ளை நான் சமைக்கமாட்டன். அந்தக் குசினியைக் கழட்டிப்போட்டு ஒரு வாங்கு போடுங்கோ. இருந்து வெளியிலை பாக்கலாம்."

"ஓமோம்," என்றார்.

ஒரு ஓம் சொன்னால் சம்மதம். இரண்டை ஒட்டிச் சொன்னால் மனிதரின் காது வேறெங்கோ இருக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நம்பினேன், வேறென்ன செய்வது.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை முழுவதும் ஈரம்தான். பழைய வோன்வாகனுக்கு எதிரி மழை. கூரையும் சுவரும் சந்திக்கும் ஓரப்பட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். வெளியே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி நிற்கும், விரலால் அழுத்தினால் தேநீரில் தோய்த்த ரஸ்க். என் கணவர் திருகாணி முறுக்கியின் பிடியால் சுவர் முழுக்கத் தட்டித் தட்டிக் கேட்டார். 'டக்' என்றால் சுகம், 'பொத்' என்றால் அறுத்தெடுக்க வேண்டும். எங்கள் வண்டி பெரும்பாலும் 'பொத்' என்றுதான் சொன்னது. முழங்கால் வலிக்கிறது, கடைக்கு வர ஏலாது என்று எனக்குச் சொன்ன அதே ஆள், மாதக்கணக்காகக் கூரையில் கவிழ்ந்து படுத்து, களி போன்ற கறுப்புப் பசைநாடாவை அங்குலம் அங்குலமாக ஒட்டினார்.

அவருக்கு ஒரு குரு வேறு வாய்த்தார். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர், ஓய்வூதியக்காரர். அவரிடமும் அதே காலத்து வோன்வாகன் ஒன்று இருக்கிறது. அது எங்கேயும் போவதில்லை. வெயில் அடித்தால் முற்றத்தில் அதன் முன்னால் கதிரை போட்டு, மனைவியோடு கோப்பி குடிப்பார், குடித்து முடிந்ததும் துடைத்து மூடிவிடுவார். அவருடைய வாயில் எப்போதும் ஒரே சொல், ஒறிகினால், செய்த நாளில் இருந்தபடியே என்று பொருள். திரைச்சீலைக் கொக்கி ஒறிகினாலா? சாம்பல் கிண்ணம் ஒறிகினாலா? முப்பது வயது தாண்டி, எல்லாம் பழையபடியே இருந்தால் வண்டியின் இலக்கத் தகட்டில் எச் எழுத்துப் போட்டுத் தருவார்கள், அது வரலாற்று வாகனம் என்ற மரியாதை. குசினியைக் கழற்றப்போவதாக நான் சொன்னதும் அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்தார். "அதைக் கழற்றினால் எச் கிடைக்காது, அம்மணி!"

அவ்வளவுதான். என் கணவர் எல்லாவற்றுக்கும் முதலில் குசினியைத்தான் திருத்தினார். தொட்டியை முகம் தெரியும்வரை தேய்த்தார். அடுப்புக்கு எங்கோ தேடிப் பழைய குமிழ்களை வரவழைத்தார். வீட்டில் என் அடுப்பில் ஒரு குமிழ் உடைந்து, நான் இடுக்கியால் திருகிச் சமைத்துக்கொண்டிருந்த காலம் அது. சொல்லப்போனால் நானும் முப்பதைத் தாண்டி எவ்வளவோ காலம், எல்லாம் ஒறிகினால், எனக்கு ஒருவரும் எச் தரவில்லை.

பரிசோதகர் வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்தார். பிரேக்கை இழுத்தார், விளக்கைப் போட்டார், குசினிக்கு முன்னால் நின்று "அழகு" என்றார். தகடு கிடைத்தது. என் கணவர் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார். மறுநாள் குரு வந்து, புதுத் தகட்டில் இப்போதே துருவா என்று கவலைப்பட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடவுள் என் பக்கம் நின்றார். என் கணவர் என்னைக் கட்டித்தான் ஜெர்மனிக்கு வந்தார். எனக்கு அதற்கு முன்பே லைசென்ஸ் இருந்தது, எதையும் இழுக்கலாம் என்ற பழைய வகை. அவர் எடுத்தது புது வகை, எங்கள் காரோடு இந்தப் பாரத்தையும் சேர்த்தால் அது போதாது. வண்டியைத் தேய்த்துத் தடவி முடித்த பிறகுதான் ஐயா இதைக் கவனித்தார். அதனால் அவருக்கு எச் எழுத்து, எனக்கு ஸ்டியரிங்.

எல்பே ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாம் திடலில் இடம் பதிந்தோம். நானும் அவரும் மட்டும். அதை அவர் தன் அக்காவிடம், என் மச்சாளிடம், பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்றே மச்சாளின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, நாங்களும் வாறம். எங்களுக்குக் கூடாரம் இருக்கு. சமையல் சாமானை எல்லாம் நான் கொண்டுவாறன். குசினிதான் உங்களிட்டை இருக்கே!"

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், ஆனால் அழுகை அழுகைதான். இவ்வளவு காலமும் நான் குசினிகளைத் தேடிப் போனேன். இப்போது ஒன்றைச் சில்லுப் பூட்டி, துலக்கி, எனக்குப் பின்னாலேயே கொளுவிவிட்டிருக்கிறார்கள், அதை இழுக்கப்போவதும் நான்தான்.

அழுது முடித்து முகம் கழுவியபோது எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. வோன்வாகனின் மூக்கில், காரோடு கொளுவும் கொக்கிக்குப் பின்னால், ஒரு பெட்டி இருக்கிறது. காஸ் சிலிண்டர் அதற்குள்தான். புறப்படும் அன்று காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டு நிலவறையில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினேன். ஆட்களைத் தூக்கிப் புரட்டிப் பழகிய கை, சிலிண்டர் எம்மாத்திரம். அடுப்பு இருக்க வேண்டும் என்றுதானே பரிசோதகர் கேட்டார், எரிய வேண்டும் என்று கேட்கவில்லையே. மின்சாரத்தில் சமைக்கவும் வழியில்லை. பழைய வயர்களை இழுத்தெறிந்த என் கணவர் ஒரு விளக்குக்கு மட்டும்தான் புது வயர் போட்டிருந்தார்.

மச்சாள் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காரிலிருந்து இறங்கியவை: பெரிய சோற்றுப்பானை, அதைவிடப் பெரிய கறிச்சட்டி, கிறைண்டர், இடியப்ப உரல், தேங்காய்கள், ஒரு மூட்டை அரிசி. ஒரு கிழமைக் கடற்கரைக்கு ஒரு கல்யாண வீட்டுச் சாமான். வோன்வாகனின் முன்பக்க இருக்கைகளுக்குப் புதுத் துணி போட்டிருந்ததால் அங்கே ஊசி வைக்கவும் என் கணவர் விடவில்லை. எல்லாம் பின்னால், குசினிக்குள்ளும் அதன் கீழும் போயின. மச்சாளின் கணவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை செய்தார். பிறகு சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார்கள், நான் மெதுவாக ஏற்றி நசித்தேன். குரு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார், தேசிக்காய் ஒறிகினாலா என்று மட்டும் கேட்கவில்லை.

ஒஸ்னாபுரூக்குக்கு முன்னால் ஒட்டோபான் நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட இறக்கம் வரும். ஒரு லொறி எங்களைக் கடந்துபோனது. அதன் காற்றுப் பட்டதும் வோன்வாகன் ஒருதரம் இடுப்பை ஆட்டியது. பிறகு நிறுத்தாமல் ஆட்டியது. கண்ணாடியில் அது இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் தெரிந்தது. காரின் பின்பக்கத்தையே அது தூக்கி ஆட்டுவது என் முதுகில் தெரிந்தது.

"பிரேக் போடும்! இல்லை, போடாதையும்! கெதியா ஓடும்!" என்று என் கணவர் கத்தினார்.

"வாயை மூடுங்கோ," என்றேன். கல்யாணம் கட்டி முதல்முறையாக அப்படிச் சொன்னேன். வேக மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்லப் பிரேக் போட்டேன். ஆட்டம் குறைந்து குறைந்து நின்றது. அடுத்த தரிப்பிடத்தில் ஒதுக்கிவிட்டு இறங்கினேன். செத்திருப்போம் என்ற பயம் அப்போதுதான் வந்தது.

பின்னால் வந்த மச்சாள் ஆட்களும் இறங்கி ஓடிவந்தார்கள். என் கணவர் வெளிறிப்போய் வண்டியைச் சுற்றினார். வோன்வாகனின் மூக்கு காரின் கொக்கியைக் கீழே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், பின்னால் பாரம் கூடி மூக்கு லேசாகிவிட்டால்தான் இந்த ஆட்டம். இதை அவரே எனக்கு ஆயிரம் தரம் விளக்கியிருக்கிறார். குளியலறைத் தராசைக் கொக்கிக்கு அடியில் வைத்து நிறுத்துக் காட்டியும் இருக்கிறார். மச்சாளின் பானைகள் ஏறுவதற்கு முன்பு.

"நான் நிறுத்தது சரியாத்தானே இருந்தது," என்று புலம்பியபடி மூக்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

எல்லோரும் பெட்டிக்குள் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஓம், நான்தான்," என்றேன். "அந்தப் பாரம் மூக்குக்குத் தேவை எண்டது நான் யோசிக்கேல்லை. அது பிழை. ஆனா காஸை விட்டிட்டு வந்தது பிழையில்லை. நான் இந்தக் கிழமை சமைக்கமாட்டன். சொன்னனான், நீங்கள் ஓமோம் எண்டனீங்கள்."

"அப்ப நாங்கள் என்னத்தைத் தின்னுறது?" என்றார் மச்சாளின் கணவர். நாங்கள் சாக இருந்ததைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டு வந்த மனிதருக்கு வந்த முதல் கேள்வி அது.

என் கணவர் வெறும் பெட்டியை ஒருதரம் தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அரிசி மூட்டையைத் தூக்கிவந்து, சிலிண்டர் இருந்த இடத்தில் இருத்தி, பட்டியால் இறுக்கினார். பானை சட்டிகளை மச்சாளின் காருக்கு மாற்றினார். கூடவே கொண்டுவந்திருந்த தராசை எடுத்து மூக்கை நிறுத்தார், திரும்பவும் நிறுத்தார். "இப்ப சரி. ஓடும்," என்றார். மிச்ச வழி முழுவதும் வோன்வாகன் பூனைக்குட்டி மாதிரி வந்தது.

முகாம் திடலில் மச்சாளின் கணவர் நேரே கடைக்குக் காஸ் வாங்கப் போனார். வெறும் சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறைந்ததைத் தருவோம், அதுதான் முறை என்றுவிட்டார்கள். இந்த நாட்டின் முறைகளை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்று எல்லாவற்றையும் மன்னித்தேன். இரவுச் சாப்பாடு காகிதத் தட்டில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும். மச்சாளின் கணவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரிக்கு, எவரோ செத்த வீடு என்று நினைக்கலாம்.

விடிந்ததும் ஹம்பேர்க்கில் இருக்கும் தன் சின்னம்மா வீட்டுக்குப் போவதென்று அவர் முடிவெடுத்துவிட்டார். "வெறுங்கையோடை போகேலாது, அந்த அரிசியைத் தாரும்," என்று கேட்டார்.

"தர ஏலாது அத்தான்," என்றார் என் கணவர், மிகுந்த மரியாதையோடு. "அது மூக்குப் பாரம். திரும்பி வீட்டை போகவேணும்."

இந்த மனிதரைக் கட்டியது பிழையில்லை என்று அப்போது எனக்குப் பட்டது. அதோடு நிற்காமல், கடைக்குப் போய் எனக்கும் மச்சாளுக்கும் காகிதக் கோப்பையில் தேநீர் வாங்கிவந்தார். சுடுதண்ணீருக்குள் ஒரு பையைப் போட்டு, அதன் தலையில் குளிர்ந்த பாலை ஊற்றிய பண்டம். நானும் மச்சாளும் வோன்வாகன் படியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அதைக் குடித்தோம். வற்று நேரம், கடல் தூரத்துக்கு உள்வாங்கி, சேறு கண்ணுக்கெட்டிய தூரம் மினுங்கியது.

"வாயிலை வைக்கேலாது," என்றா மச்சாள். இன்னொரு வாய் குடித்தா. "ஆனா ஆரோ போட்டுத் தந்தது."

"நீங்களும் இருங்கோவன் மச்சாள்," என்றேன். சும்மா முகத்துக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன்.

அவ கோப்பைக்குள் மிஞ்சியிருந்ததை ஆட்டிப் பார்த்தா. காரிலிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. இரண்டாம் தரமும் கேட்டது.

"சின்னம்மாவுக்குக் கை ஏலாது," என்று எழும்பினா. "அங்கை நான் போய்த்தான் எல்லாம் உரிக்கோணும்."

கார் திடலைவிட்டு வெளியே திரும்பும்போது, மச்சாள் அந்தக் காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது.