திரி என்று எழுதினேன்

பிள்ளையின் பெயரை எழுதக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி. கவனிப்பு நோட்டில் ‘குழந்தை’ என்று மட்டும் எழுத வேண்டும். அதனால் இங்கேயும் நான் பெயர் எழுதவில்லை. எழுதினால் அவள் எங்கே இருக்கிறாள் என்று யாராவது வந்து சொல்வார்கள் என்றால் இன்றைக்கே எழுதிவிடுவேன்.

நான் சிவகாசிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பால்வாடி டீச்சர். பன்னிரண்டாவது வரைக்கும்தான் படிப்பு. பதினேழு வருஷம் வேலை பார்த்த பிறகு, வேலையில் இருந்துகொண்டே படிக்கிற பட்டப்படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். சின்னப் பிள்ளைகளை வளர்ப்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பற்றிய படிப்பு. வேலை பார்க்கிற இடம்தான் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விருதுநகர் போய், பாடம் நடத்துகிற மேடம் முன்னால் உட்கார வேண்டும்.

என் வீட்டுக்காரர் அச்சாபீசில் கட்டிங் மிஷின் பார்ப்பவர். “பேரன் பேத்தி எடுக்குற வயசுல ஒனக்குப் பரீட்சையா? பிட்டு கிட்டு கொண்டு போயிராத, ஊரு சிரிச்சிரும்” என்றார். சொன்னவர்தான், கலர் பிசகிக் கழித்துப் போட்ட காலண்டர் தாளைக் கொண்டுவந்து புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுத் தந்தார். ஒரு அட்டையில் லட்சுமிக்கு நாலு கண் இருந்தது. எத்தனை கண் இருந்தாலும் சாமி சாமிதான். நெற்றியில் திருநீறு பூசி அந்த அட்டையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் படிக்க உட்காருவேன். உள்ளே இருக்கிற வார்த்தைகளெல்லாம் தமிழாக இருந்தும் மூன்று தடவை படித்தால்தான் விளங்கும்.

இரண்டாம் வருஷத்தில் ஒரே ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வாரம் கவனித்து எழுத வேண்டும். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு. இடது பக்கம் ‘பார்த்தது’. வலது பக்கம் ‘புரிந்தது’. பார்த்த இடத்தில் நம் எண்ணத்தைக் கலக்கக் கூடாது. ‘பிள்ளை கோபமாக இருந்தாள்’ என்று எழுதினால் மேடம் சுழித்துவிடுவார். ‘பிள்ளை தட்டைத் தள்ளினாள்’ என்றுதான் எழுத வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது நாலு வயது நிறையாத பெண் பிள்ளை. ஒரு நாள்கூட லீவு போடாதவள் என்பதால்தான் அவளை எடுத்தேன். ஒன்பதரைக்கெல்லாம் அவள் அம்மா கொண்டுவந்து விட்டுவிடுவாள். மற்ற பிள்ளைகள் அழுது புரண்டு வரும்போது இவள் மட்டும் கையை உதறிவிட்டு உள்ளே வந்து அவளுடைய இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். பேச்சு குறைவு. கை மட்டும் எதையாவது செய்துகொண்டே இருக்கும்.

நான் நாற்காலியைப் போட்டு எழுத உட்கார்ந்ததைப் பார்த்து எங்கள் பால்வாடி ஆயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“என்ன டீச்சர், அந்தப் பிள்ள மூக்க உறிஞ்சுனாக்கூட எழுதிக்கிறீக? போலீஸ் ஸ்டேஷன்லகூட இம்புட்டு எழுத மாட்டாக.”

“பார்த்ததை எழுதணும்க்கா. அதான் படிப்பு.”

“அப்பம் நான் பாக்குறத எழுதுனா எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே முட்டை உரிக்கப் போனாள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில், அந்தப் பிள்ளை பிய்ந்த சாக்கிலிருந்து நூலை நூலாக உருவினாள். தண்ணீர்க் குழாயடியில் மண்ணைக் குழைத்து, நூலை அதில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து வழித்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு முனையைச் சுற்றி, மறுமுனையை நாற்காலிக் காலில் கட்டி, வெயில் படுகிற இடமாக இழுத்து விட்டாள். இப்படி ஐந்தாறு இழை. பிறகு நிழலில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு பயல் பக்கத்தில் வந்தான்.

“ஏலே, தள்ளிப் போ. உரசாத. உரசுனா புடிச்சுக்கிரும்.”

அவன் நூலைத் தொடப் போனான். அவள் எழுந்துவந்து அவன் கையில் ஒரு அடி வைத்தாள். “செத்துருவலே!”

என்ன விளையாட்டு என்று கேட்டேன். “திரி” என்றாள்.

‘குழந்தை நூலை மண்ணில் தோய்த்துத் திரி செய்து வெயிலில் காயப் போட்டது’ என்று இடது பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அவள் சொன்ன திரி எது என்று உறைத்தது. எங்கள் பக்கத்தில் திரி இரண்டு. ஒன்று சாமி விளக்கில் போடுவது. இன்னொன்று பட்டாசுக்கு வைப்பது. இந்த இரண்டாவதை வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது, பிடித்தால் ஜெயில். ஆனாலும் செய்கிறார்கள். நூலை வெடிமருந்தில் தோய்த்து வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் காயப் போடுகிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் ஒரு வீட்டின் மேற்கூரை இருக்காது. இதெல்லாம் இங்கே பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை வீட்டில் பார்ப்பதைத்தான் விளையாடும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. வலது பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேடம் நோட்டைப் படித்தார். மேடம் கும்பகோணத்துப் பக்கம், மிகவும் நல்லவர், எங்களில் யாரையும் படிக்காதவள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

“எவ்வளவு அழகான பதிவு பாருங்க! நாலு வயசுகூட ஆகலை, அம்மா விளக்குக்குத் திரி போடுறதைப் பார்த்துத் தானும் செய்யறா. வீட்டுப் பழக்கம் விளையாட்டுல எப்படி வருது பாருங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “வலது பக்கத்தை ஏம்மா காலியா விட்டீங்க? நானே எழுதறேன்” என்று சிவப்புப் பேனாவால் எழுதினார். ‘பக்தியான நல்ல வீட்டுச் சூழல்.’

சாத்தூர், ஆமத்தூர், ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்த பதினாறு பேர் அந்த அறையில் இருந்தோம். மண்ணில் தோய்த்த நூல் என்ன திரி என்று பதினாறு பேருக்கும் தெரியும். ஒருத்திகூட நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த ஆமத்தூர்க்காரி என் தொடையைக் கிள்ளி, “யக்கா, வாயத் தொறந்துராதீக” என்றாள். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சாமி விளக்கின் பேரில் ஒரு பொய் என் கண் முன்னால் எழுதப்பட்டது, நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மூன்றரைக்குப் பிள்ளையை அழைக்க வந்த அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டேன். இருபத்தி நாலு, இருபத்தி ஐந்து வயதுதான் இருக்கும்.

“ஏத்தா, வீட்டுல திரி போடுறீகளா?”

அவள் முதலில் சிரித்தாள். பிறகு பிள்ளையின் தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒங்களுக்குத் தெரியாததா டீச்சர். அவருக்குக் கை வெந்ததுல இருந்து கம்பெனியில சேக்க மாட்டேங்காக. எனக்கு வேற என்ன தெரியும்?”

“பிள்ளைய வெச்சுக்கிட்டு இந்த வேலைய…”

“பிள்ளைய வெச்சுக்கிட்டா செய்யிறேன்? அதுக்குத்தான ஒங்ககிட்ட விடுறேன்! நீங்க வெச்சிருக்கிற நேரத்துக்குள்ள அம்புட்டையும் முடிச்சு, எடுத்துக் கட்டி வெச்சுட்டுத்தான் வாறேன். ஒரு நா லீவு போட்டிருக்கேனா, சொல்லுங்க?”

ஒரு நாளும் லீவு போடாதவள் என்று நான் பெருமையாக நோட்டில் எழுதியிருந்தேன். அதற்கு இதுதான் காரணம். பிள்ளை என்னிடம் இருக்கிற அந்த ஆறு மணி நேரம்தான் அவளுக்குக் காவல். “பார்த்து இருத்தா” என்றேன். என்னத்தைப் பார்த்து இருப்பாள்?

ஏழாவது வாரம் மேடம் போன் செய்தார். என் நோட்டை மற்ற வகுப்புகளுக்கும் மாதிரியாகக் காட்டப் போகிறாராம். வருகிற வியாழக்கிழமை பிள்ளையின் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

மேடத்திடம் உண்மையைச் சொன்னால் அவர் மேலிடத்துக்கு எழுதாமல் இருக்க மாட்டார். போலீஸ் வரும். அம்மாவைக் கொண்டுபோவார்கள். கை வெந்த அப்பனிடம் பிள்ளை என்ன ஆகும் என்று தெரியாது. அம்மாவிடம் சொன்னால் எல்லாவற்றையும் ஒளித்து வைப்பாள், மேடம் போனதும் மறுபடி எடுப்பாள். இரண்டில் எது பாவம் குறைந்தது என்று யாரைக் கேட்பது?

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்பரளியை ஒரு தாளிலும் மடித்து, ஆத்தா காலடியில் வைத்துக் கும்பிட்டேன். வெள்ளை வந்தால் மேடத்திடம், சிவப்பு வந்தால் பிள்ளையின் அம்மாவிடம் என்று மனதில் நினைத்துக்கொண்டேன். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையை எடுத்துத் தரச் சொன்னேன். பிரித்தேன். வெள்ளை.

என் வாழ்க்கையில் அம்மன் சொன்னதை நான் மீறியதில்லை. கல்யாணத்துக்கும் பூக்கட்டித்தான் சரி என்றேன், இந்தப் படிப்புக்கும் அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை போனைக் கையில் எடுத்து மேடம் நம்பரைப் பார்த்துக்கொண்டே கோயில் வாசலில் நின்றேன். பிள்ளையின் அம்மா அன்றைக்குச் சிரித்த முகம்தான் வந்து நின்றது. போனை மடியில் செருகிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போய், “வியாழக்கிழமை மேடம் வாறாக. விளக்குத் திரின்னு நெனச்சுக்கிட்டு வாறாக” என்று சொன்னேன்.

வியாழக்கிழமை அந்த வீடு கழுவித் துடைத்துக் கிடந்தது. வாசலில் கோலம். உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, எங்கே இரவல் வாங்கினாளோ. ஒரு தட்டில் பஞ்சுத் திரி. அவள் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை. மேடத்துக்குக் கடையில் கலர் சோடா வாங்கி ஊற்றிக் கொடுத்தாள்.

மேடம் பிள்ளையை மடியில் உட்கார வைத்து, ஒரு பஞ்சுத் திரியை எடுத்துக் காட்டி, “இது என்ன கண்ணு?” என்றார்.

பிள்ளை உற்றுப் பார்த்தாள். “பஞ்சு.”

“திரி இல்லையா? நீதான் நல்லாத் திரி செய்வியாமே!”

“இது திரி இல்ல. வெள்ளையா இருக்கு.”

அவள் அம்மா சுவரோடு சுவராக நின்றாள். மேடம் கைதட்டிச் சிரித்தார். “நிறமெல்லாம் எவ்வளவு சரியாச் சொல்றா பாருங்க!” சிரித்துக்கொண்டே குத்துவிளக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்தி, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, செல்போனில் ஒரு போட்டோ எடுத்தார். அவள் சரி என்று தலையை ஆட்டினாள், முகத்தில் ரத்தம் இல்லை.

மேடம் காரில் ஏறப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போட்டோ எங்கன போகும் டீச்சர்?”

“ஃபைல்ல ஒட்டத்தான்.”

“ஃபைலு எங்கன போகும்?”

“பரீட்சை ஆபீசுக்கு.”

“அங்கன யாரு இருப்பாக?”

எனக்குத் தெரியவில்லை. “ஒண்ணும் ஆகாது” என்றேன். தெரியாத விஷயத்துக்கு அப்படித்தான் நான் எப்போதும் சொல்வது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பிள்ளை வரவில்லை. பத்து மணிக்கு ஆயாவை அனுப்பினேன். அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். “பூட்டிக் கெடக்கு டீச்சர். சட்டி பானையக்கூட அள்ளிட்டுப் போயிட்டாக. பக்கத்து வீட்டுல கேட்டா, தெரியாதுங்காக. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாக.”

அதற்குப் பிறகு ஆயா என்னைப் பார்த்துக் கேலி செய்யவில்லை. இடது பக்கத்தில் ‘வரவில்லை’ என்று எழுதினேன். நாலு வாரம் அதையே எழுதினேன். வலது பக்கத்தில் என்ன எழுதுவது? என்னால்தான் போனாள் என்று எழுதவா? மேடம் பாவம், “இந்தப் பக்கம் குடும்பங்கள் வேலைக்காக இடம் மாறுவது சகஜம்” என்று அவரே எழுதிக்கொண்டார். எனக்கு நல்ல மார்க் வந்தது. வீட்டுக்காரர் சேவும் அல்வாவும் வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரிக்காமல் மறுநாள் பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பின்னாலிருந்து “டீச்சர்” என்று குரல். அவள்தான். இளைத்திருந்தாள். கையில் நூல் கண்டு வைத்துக் கட்டிய பெரிய பை.

“நல்லா இருக்கீகளா டீச்சர்? படிப்பு முடிஞ்சிருச்சா?”

“பிள்ள எங்கத்தா?” என்றேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

“வீட்டுல இருக்கா.”

“பால்வாடிக்குப் போறாளா?”

“அங்கன பால்வாடி இல்ல டீச்சர், காட்டுக்குள்ள இருக்கோம்.” சொல்லிவிட்டு அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “கெட்டிக்காரி டீச்சர். அன்னைக்கு மேடம் சொன்னது நெசந்தான். இப்பம் எனக்கு அவதான் ஒத்தாச. நூல உரசாம எம்புட்டு நறுவிசா இழுத்துக் கட்டுறா தெரியுமா!”

எந்த ஊர் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் தோளில் தொங்கிய புத்தகப் பையைப் பார்த்தாள். “இந்தப் பக்கந்தான்” என்றாள். பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கி முதலில் உள்ளே வைத்து, பின்னாலேயே ஏறிக்கொண்டாள்.

ஓடிப் போய் போர்டைப் படித்தேன். சாத்தூர் என்று இருந்தது. அது எல்லா ஊரிலும் நின்று போகிற பஸ். எத்தனை நிறுத்தம் என்று கண்டக்டரிடம் கேட்டேன். “நீங்க எங்கனம்மா எறங்கணும்?” என்றார் அவர். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விசில் அடித்துவிட்டார்.