யோசனைக்குக் கூலி

பணம் வசூலிக்கிற வேலைதான் கஷ்டம் என்று நினைப்பவர்கள், பணம் கொடுக்கிற வேலையைக் கொஞ்ச நாள் செய்து பார்க்க வேண்டும். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். முதலில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில், தவணை கட்டாதவர்களுக்குப் போன் போடும் வேலை. இப்போது திருச்சியில் சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஒரு சின்ன அறக்கட்டளையில் ஒருங்கிணைப்பாளர்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு என்ன உதவி தேவை என்பதை நாங்களாக முடிவு செய்யாமல் அவர்களையும் வீட்டாரையும் கூப்பிட்டுக் கேட்பது, அவர்கள் சொல்வதற்கு மதிப்பூதியம் கொடுப்பது என்று எங்கள் தலைவர் ஒருநாள் முடிவெடுத்தார். "டாக்டர் வந்து பேசினா கவர் கொடுக்கிறோம். நோயாளி வந்து பேசினா டீ கொடுத்து அனுப்பிடறோமே, அது ஏன்?" என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் கவரை ஒவ்வொருவர் கையிலும் சேர்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூட்டம் நடத்திப் பிழைக்கும் என் சக பாவிகளே, நான் பட்டதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

உபசாரம்

முதல் கூட்டம் உறையூரில் எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. நோயாளிகள், வீட்டார் என்று ஹால் நிறைந்துவிட்டது. வந்தவர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும் என்று ஆபீஸே பரபரத்தது. இளநீர், உளுந்து வடை, சட்னி, தட்டு நிறைய வாழைப்பழம், பெரிய டம்ளரில் காபி. யாரும் எதையும் தொடவில்லை. கூச்சப்படுகிறார்கள் போல என்று நினைத்து, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று தட்டுகளை நகர்த்தி வற்புறுத்தியது நான்தான்.

டயாலிசிஸில் இருப்பவர்கள் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். இளநீரும் வாழைப்பழமும் அவர்களுக்கு ஆபத்து. இதையெல்லாம் நோட்டீஸ் அடித்து ஊருக்குக் கொடுப்பது நாங்கள்தான். பின்னால் சுவரிலேயே ஒன்று ஒட்டியிருந்தது. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கும் காதர் பாய் சுவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, யோசனை கேக்கக் கூப்பிட்டீங்களா, இல்ல ஒரேயடியா மேல அனுப்பி வைக்கக் கூப்பிட்டீங்களா?"

சொந்தக் கடைக்கு எதிராக

அந்த நோட்டீஸைத் திருத்தும் பொறுப்பை அதே காதர் பாயிடம் கொடுத்தோம். அது 'சாப்பிடக் கூடாதவை' என்று கொட்டை எழுத்தில் ஆரம்பிக்கும். படித்துக்கொண்டே வந்தவர், "இதை யாரும் பாதிக்கு மேல படிக்க மாட்டாங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட 'இது இல்ல, அது இல்ல'ன்னா வியாபாரத்தை ஆரம்பிப்போம்? இருக்கிறதை முதல்ல சொல்லுங்க" என்றார். அப்படியே மாற்றினோம். எதைச் சாப்பிடலாம் என்பது மேலே வந்தது, கூடாதவை கீழே போயின.

கீழே போனாலும் வாழைப்பழம் அங்கே இருந்தாக வேண்டுமே. ஒரு வீடியோ எடுத்தால் நன்றாக இருக்கும், பாயே அதில் பேசினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். பின்னால் தார் தாராகத் தொங்க, முன்னால் நின்று, "நம்மளை மாதிரி டயாலிசிஸ்ல இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம இதைச் சாப்பிடாதீங்க" என்று கணீரென்று சொன்னார். எடுத்து முடித்ததும் கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வாழைப்பழம் வேணாம்னு மண்டிக்காரனையே சொல்ல வெச்சிட்டீங்க. பெத்த அத்தா மட்டும் இருந்திருந்தா என்னை மண்டி வாசல்படி ஏத்தியிருக்க மாட்டாரு."

தீர்த்தம்

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வைதேகி மாமியின் கணவருக்கு டயாலிசிஸ். அவருக்குப் பதிலாக மாமிதான் கூட்டத்துக்கு வருவார். முதல் தடவை கவரை நீட்டியபோது சுட்டுவிட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். "வியாதிக்கு சம்பளமா? ரங்கநாதா!" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனவர், நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடுவதற்குள் பஸ் ஏறிவிட்டார். ஃபைனான்ஸ் கம்பெனியில் இருந்தபோது பணம் கேட்டுத் துரத்தியிருக்கிறேன். பணம் கொடுக்கத் துரத்தியது அன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் முதலிலேயே பிடித்துக்கொண்டேன். "மாமி, இது வியாதிக்கு இல்ல, நீங்க சொல்ற யோசனைக்கு." மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா ஒண்ணு கேக்கறேன். எல்லாத் தண்ணியையும் அளந்து குடிக்கணும்னு போட்டிருக்கேள். எங்காத்துக்காரர் தெனம் பெருமாளை சேவிச்சுட்டுத் தீர்த்தம் வாங்கிக்கறார். ஒரு உத்தரணி, அரை ஸ்பூன்தான். ஆனா இவர் ஒரு சன்னதியோட நிக்கறாரா என்ன? அது அந்தக் கணக்குல சேருமா, சேராதா? ஸ்ரீரங்கத்துல போய் இதைச் சொல்லாம என்ன நோட்டீஸ் போடறேள்?" டாக்டருக்குப் போன் போட்டோம். தீர்த்தமானாலும் கஞ்சியானாலும் ரசமானாலும் திரவம் திரவம்தான் என்றார் அவர். மாமி நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"பெருமாள் தீர்த்தத்தையே அளக்க வெச்ச பாவம் என்னோட போகட்டும். அதுக்குக் காசையும் விட்டுட்டுப் போனா ரெட்டை நஷ்டம். கொடுங்கோ."

தொழில்

எங்கள் ஆடிட்டருக்கு இந்தச் செலவே புரியவில்லை. "நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தா உதவின்னு எழுதலாம். யோசனை சொன்னதுக்குன்னா அவர் யாரு, கன்சல்டன்ட்டா?" என்று கேட்டார். வவுச்சரில் 'பெறுபவரின் தொழில்' என்ற இடத்தை நிரப்பாமல் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் தொழிலைக் கேட்டு எழுதினேன். முருகேசன் ஆட்டோ ஓட்டியவர். நோய் வந்த பிறகு வண்டியை விற்றுவிட்டார். ஆட்டோ டிரைவர் என்று எழுதப் போனபோது, அதுதான் இப்போ இல்லையே என்றார். ஒன்றும் இல்லை என்று எழுதவும் எனக்கு மனசு வரவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவரே குனிந்து அந்த இடத்தைக் காட்டினார்.

"நோயாளின்னே போடுங்க மேடம். இத்தனை நாளா இந்த வேலையைச் சும்மா பார்த்தேன், இப்பதான் சம்பளம் வருதுல்ல?"

அதே பஸ்

மண்ணச்சநல்லூர் செல்வி கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ரைஸ் மில்லில் வேலை பார்த்த கணவர் ராஜேந்திரனைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் கவரை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போவார். "பேசாததுக்கு எப்படிங்க காசு வாங்கறது?" கேட்பதும் வேலைதான் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஒரு நன்கொடையாளர் பெரிய தொகை தர முன்வந்தார். டயாலிசிஸ் மையத்துக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்டு, சோபா, மீன் தொட்டியோடு ஓர் ஆலோசனை அறை கட்ட வேண்டும் என்பது தலைவரின் நெடுநாள் ஆசை. அவர் ரிட்டயர்டு இன்ஜினியர். தானே வரைந்த படத்தை மேஜையில் விரித்து, எந்த மூலையில் மீன் தொட்டி வரும் என்று விரலால் காட்டினார். எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். அப்போதுதான் செல்வி எழுந்தார்.

"டயாலிசிஸ் முடிச்சு இவரை பஸ்ல ஏத்தறேங்க. நிக்கவே தெம்பு இருக்காது. ஊசி போடற கையை யாரும் இடிச்சிடக் கூடாதுன்னு நான் ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு நிப்பேன். கம்பியைப் பிடிக்க எனக்குக் கை இல்ல. போன மாசம் டோல்கேட்டுகிட்ட பிரேக் போட்டதுல ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். கை வீங்கிடுச்சு. அந்தக் கை போயிட்டா டயாலிசிஸே செய்ய முடியாதுன்னு டாக்டர் திட்டினாரு. ரூம்ல உக்கார வெச்சு ஆறுதல் சொல்லுவீங்க, சரிங்க. வெளிய வந்தா அதே பஸ்தானே?"

செல்வியின் காசு

நிர்வாகக் குழுவில் அதற்குப் பிறகு நடந்தது ஒரு குட்டி யுத்தம். படம் வரைந்தாகிவிட்டது, நன்கொடையாளரிடம் காட்டியாகிவிட்டது, அவர்கள் யோசனைதானே சொன்னார்கள், நன்றி சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம் என்றார் ஒருவர். அந்த அறை தலைவருக்கு எவ்வளவு பிடித்த விஷயம் என்று எனக்குத் தெரியும். அவர் மெதுவாகப் படத்தை மடித்தார். "சும்மா கேட்டிருந்தா சும்மா விட்டிருக்கலாம். கூலி கொடுத்துக் கேட்டிருக்கோமே" என்றார். நன்கொடையாளரிடமும் அவரே போய்ப் பேசினார்.

அந்தப் பணத்தில், நல்ல நிலையில் இருந்த ஒரு பழைய வேன் வாங்கினோம். முதல் நாள் மண்ணச்சநல்லூர் டிரிப்பில் நானும் போனேன். ராஜேந்திரன் ஜன்னலோரம் சாய்ந்து, ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். பக்கத்தில் செல்வி, என்ன செய்வதென்று தெரியாதவர் போல, சும்மா கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் வாங்காமல் விட்ட கவர்கள் என் பையிலேயே கிடந்தன. இறங்கும்போது தயங்கித் தயங்கி எடுத்தேன்.

"இப்ப குடுங்க மேடம். இது என் காசு."

காத்திருப்பவர்

முருகேசன் ஐப்பசி அடைமழையில் இறந்துபோனார். கடைசியாக வந்த கூட்டத்தில் டிரைவர்களைக் கிண்டல் செய்து எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போனவர். இந்த வேலையில் பழகிய முகம் ஒன்று திடீரென்று வராமல் போகும். அன்றைக்கெல்லாம் நாற்காலியை எடுத்து மடக்கக்கூட யாருக்கும் மனசு வராது.

காரியமெல்லாம் முடிந்து அடுத்த கூட்டத்தன்று அவர் மனைவி சித்ரா வாசலில் வந்து நின்றார். முருகேசனுக்குச் சேர வேண்டிய கவரைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் உள்ளே ஓடி அதை எடுத்துவந்தேன். அவர் அதை வாங்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, கூட்டம் ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். நோயாளி இறந்த பிறகும் வீட்டார் வரலாம் என்று எங்கள் விதியில் எங்கேயும் இல்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அதெல்லாம் அவரு. ஆனா கதவு எப்ப திறக்கும்னு பார்த்துக்கிட்டு, பாத்ரூம்கூடப் போகாம வெளிய உக்காந்திருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். அதைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்."

தகுதி

யோசனைக்குக் காசு தருகிற விஷயம் ஊரில் பரவியதும் போன்கள் வர ஆரம்பித்தன. ஒருநாள் ஒருவர், கல்யாணத்துக்கு ஜாதகம் விசாரிப்பவர் மாதிரி அவ்வளவு பணிவாகப் பேசினார். யோசனை சொல்கிற கமிட்டியில் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். டயாலிசிஸா என்றேன். இல்லையாம். வீட்டில் யாருக்காவது? இல்லையாம். அவருக்குச் சர்க்கரை மட்டும் இருக்கிறதாம், அதுவும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறதாம். ஆனால் யோசனைகள் நிறைய இருக்கின்றனவாம்.

எங்கள் கமிட்டிக்கு வர ஒரே தகுதிதான், அது உங்களுக்கு எந்தக் காலத்திலும் வரக் கூடாதென்று சாமியைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மறுமுனையில் நிஜமான வருத்தத்தோடு ஒரு பெருமூச்சு கேட்டது.

"எந்த நல்ல வேலைக்குப் போனாலும் நமக்கு ஒரு தகுதி குறையுதே மேடம்!"

ஆக, சும்மா கொடுத்தால் ஜனங்கள் நம்மைக் கும்பிடுகிறார்கள், கூலி கொடுத்தால் நம் குறையைச் சொல்கிறார்கள் என்பது தெரிந்த பிறகும், கும்பிடு வேண்டாம் என்று துணிந்துவிட்ட ஒரு ஆபீஸில் நான் மாதாமாதம் கவர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.