ஐரீன் நெய்த நீலக் கீலம்

மொன்றியலின் வில்லரே பகுதியில் எங்கள் கீழ்வீட்டில் இருப்பவர் ஐரீன் மொரிஷிட்டா. எழுபத்திரண்டு வயது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானியர் என்பதற்காகவே அவருடைய பெற்றோரைக் கனடா அரசு மேற்குக் கரையிலிருந்து பிடித்து மலையடி முகாமில் வைத்தது. ஐரீன் பிறந்தது பிறகு, மொன்றியலில். வீட்டில் ஜப்பானிய மொழி பேசப் பெற்றோரே தடை. முப்பது வருடம் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் பெட்டி அடுக்கியவருக்கு நெசவு ஒன்றுதான் தாய்வழிச் சொத்து.

பழந்துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து, அதையே தறியில் குறுக்கிழையாக்கி நெய்வார். முகாமில் இருந்தவர்கள் உடுத்த துணிகளைப் பதினேழு குடும்பங்களிடம் வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கியிருந்தார். முகாமைப் பற்றி வாயே திறக்காத சனம் அது. கேட்டுக் கேட்டு மூன்று வருடம் போயிற்று. எல்லாவற்றையும் ஒரே துணியாக நெய்து ஜப்பானியர் சங்க மண்டபத்தில் தொங்கவிட வேண்டும், அவரவர் வந்து தங்கள் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

அவருக்கு விரல்மூட்டு வலி. கிழித்துத் தரும்படி மூட்டையை என்னிடம் தந்தார். செத்தவர்களின் உடுப்பைத் தோய்க்காமல் தொடுவது எங்களுக்கு வழக்கமில்லை. கேட்காமலே மெஷினில் போட்டேன். என் கை சும்மா கிடந்திருக்கலாம். பதினாறு துணி முழுசாக வந்தது. வால்ட்டர் ஒக்குடா என்ற முதியவர் கொடுத்திருந்த அவருடைய அம்மாவின் நீலச் சட்டை வெறும் பஞ்சாக வடிகட்டியில் கிடந்தது.

ஐரீன் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் அரைகுறைப் பிரெஞ்சில் அவர் சொன்னது இதுதான்:

"அந்த மனுசனுக்கு எண்பத்தாறு வயசு. நான் என்னத்தைக் காட்டுறது, யோகராணி?"

என்னுடைய நீலப் பருத்திச் சேலையைக் கொண்டுபோனேன். இரண்டு நாள் ஐரீன் அதைத் தொடவே இல்லை. துணியைத் தொங்கவிடும் விழாவுக்கு முதல் நாள் காலை அந்த வலிக்கிற விரல்களால் தானே கிழித்து நெய்தார்.

மண்டபத்தில் வால்ட்டர் தடவிக்கொண்டே வந்து, என் சேலையில் கையை நிறுத்தினார். இதுதானே அம்மாவின் சட்டை என்று கேட்டார். ஐரீன் என்னைப் பார்த்தார்.

"ஓம்," என்றார் ஐரீன்.

வால்ட்டர் அழுதார். பிறகு கேட்டார்: "நான் செத்தால், இதில ஒரு துண்டு வெட்டி என்ர பெட்டிக்குள்ள வைப்பியளோ?"

ஐரீன் தலையாட்டினார். அதன்பிறகு அவர் தறியில் உட்காரவே இல்லை. வால்ட்டர் இன்னும் இருக்கிறார். கீழ்வீட்டில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் வால்ட்டரின் சாவுச் செய்தியோ என்று நான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காதுகொடுக்கிறேன்.