சி.ஐ.டி. படம் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டில் இருந்த வீடியோ டெக் எங்களுடையது அல்ல. என் கணவரின் சிநேகிதர் ஒருவர், பெரியபட்டினத்துக்காரர், ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அவருடைய அண்ணன் சவுதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது அது. "எங்க வாப்பா இருக்குற வீட்டுல படம் போட முடியாது மாப்ள. ஒங்க வீட்டுலதான் டிவி இருக்கே, இதுவும் இங்கன கெடக்கட்டும்" என்று அட்டைப்பெட்டியோடு வந்து இறக்கிவிட்டுப் போனார். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்தவள் கைக்குழந்தை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் வந்துவிடுவார். இரண்டு பேருக்கும் பழைய சி.ஐ.டி. படம் என்றால் உயிர். புதுப்படம் எதுவும் வேண்டாம். சுவரில் கடிகாரத்தைத் திருப்பினால் கதவு திறக்கும், சிகரெட் லைட்டருக்குள் கேமரா இருக்கும், மொட்டைத்தலை வில்லன் சுழல்நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவான். அந்த மாதிரிப் படங்களாக மூன்று நான்கு கேசட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். சண்டை வரும் முன்பே "இப்ப பாரு, இப்ப பாரு" என்று தொடையைத் தட்டிக்கொள்வார்கள்.

நான் அடுப்படியில் இருப்பேன். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று, அதில் ஒரு படம் எனக்கு வசனம் வசனமாகப் பாடம். உத்தரகோசமங்கைப் பக்கம் டூரிங் டாக்கீஸில் அதைப் போட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அத்தை மகளும் நானும் அய்யாவிடம் கெஞ்சிக் கெஞ்சி மறுபடி மறுபடி போனோம். கதாநாயகனைப் பார்க்க அல்ல. கடத்தல்காரன் கூட்டத்தில் ஆட்டக்காரியாக ஒரு பெண் வருவாள். எல்லோரும் அவளைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கடைசியில் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, "எனக்கு இந்த ஊரில் மூன்று பெயர். உங்களைக் கைது செய்ய எந்தப் பெயரில் வரட்டும்?" என்பாள். அவள்தான் ரகசியப் போலீஸ். பருத்திக்காட்டில் நானும் அத்தை மகளும் அதைச் சொல்லிச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி கைது செய்துகொண்டிருப்போம்.

ஒரு ஞாயிறு, டீ கொண்டுபோன நேரத்தில் அந்தக் கட்டம் வந்துவிட்டது. தட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். என்னை அறியாமல் அவளோடு சேர்ந்து நானும் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டேன், சத்தமாகவே.

சிநேகிதர் திரும்பிப் பார்த்தார். "அடேயப்பா! தங்கச்சி, நீயும் நம்ம ஆளா? ஏம்மா அங்கன நிக்கிற? இப்படி ஒக்காரு" என்று சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நிலைப்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

சில வாரங்கள் அப்படி உட்கார்ந்து பார்த்தேன். காலையிலேயே குழம்பு, ரசம் எல்லாம் முடித்துவிடுவேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அந்த மொட்டைத்தலையனை மூன்று பேரும் சேர்ந்து கேலி செய்வோம். கல்யாணமாகி வந்த பிறகு அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஒரு சாயங்காலம் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் என் கணவர் சொன்னார்: "இனிமே அவன் வந்தா நீ முன்னால வராத."

"ஏன், நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யல. பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"இங்கன யாரு பாக்குறா? நீங்க, அந்த அண்ணன், நானு."

"சிரிக்கிறதுக்கு ஒரு அளவு வேணும்" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நான் அடுப்படியிலேயே இருந்தேன். "தங்கச்சி எங்க மாப்ள? அவளக் கூப்புடு, ஒரு ஆளு கொறையுது" என்று முன்னறையில் அந்த அண்ணன் கேட்பது காதில் விழுந்தது.

"அவளுக்குத் தலவலி. படம்னாலே ஆகாது அவளுக்கு. நீ சொன்னியேன்னுதான் இத்தன நாளு ஒக்காந்துருக்கா."

ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தேன். போய், அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று சாயங்காலம் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். டீயை முன்னறை வாசல்வரை கொண்டுபோய், கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதன் பிறகு நாலைந்து வருஷம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். முதலில் அழுகை வந்தது. பிறகு எரிச்சல். பிறகு, சத்தத்தை வைத்தே எந்தப் படம், எந்த இடம் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்து சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் என் கணவர் அதையே சொன்னார். "இவளுக்குப் படம் புடிக்காது." சொல்லிச் சொல்லி என் பிள்ளைகளும் அப்படியே நம்பினார்கள்.

அந்த அண்ணனும் சவுதிக்குக் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்தவர், என் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "தங்கச்சி, வாரா வாரம் வந்து ஒனக்குத் தொந்தரவு குடுத்துட்டேன். ஒனக்குப் புடிக்காதத ஒன் வீட்டுலயே போட்டு உசுர வாங்கிட்டோம். மனசுல வச்சுக்காதம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வாசலில் ஆட்டோ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றேன்.

அந்த அண்ணன் திரும்பி வரவில்லை. சில வருஷம் கழித்து அங்கேயே மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார் என்று பெரியபட்டினத்திலிருந்து போன் வந்தது. உடலையும் அங்கேயே அடக்கிவிட்டார்கள். டெக் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது.

என் கணவர் ரிட்டயர் ஆனதும் மகன் ஒரு டிவிடி பிளேயர் வாங்கிக் கொடுத்தான். அவர் பஜாரில் தேடி அதே பழைய படங்களை வாங்கிவந்தார். தனியாகப் பார்க்க முடியவில்லைபோல. ஒரு ஞாயிறு மதியம் என்னைக் கூப்பிட்டார். "சும்மாதான இருக்க, வா, வந்து ஒக்காரு."

போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே படம்தான். அவர் எனக்கு விளக்கிச் சொல்லத் தொடங்கினார். "இவன்தான் கடத்தல்காரன். இந்தா வாராளே, இவ யாருன்னு நெனக்கிற? கடைசிலதான் தெரியும்."

"ரகசியப் போலீசு" என்றேன். "பைக்குள்ள துப்பாக்கி இருக்கு. மூணு பேரு வச்சிருக்கா."

ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னெண்டு வயசுல டாக்கீஸ்ல பாத்தேன். ஒங்க சிநேகிதர் இருக்கும்போது இதே வீட்டுல பாத்தேன். மிச்சமெல்லாம் அடுப்படியில இருந்து கேட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எதுவும் ஞாபகம் வரவில்லை அவருக்கு.

"அட, அப்பவே சொல்லிருந்தா நீயும் ஒக்காந்து பாத்துருக்கலாம்ல?" என்றார்.

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். துணி காய்ந்திருந்தது. எடுத்து மடித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே படம் மறுபடி ஓடத் தொடங்கியது. கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து மூடி வைத்துவிட்டுக் காலை பஸ்ஸிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன். மிளகாய்ப் பருவத்தில் அங்கே வத்தலுக்குக் காம்பு கிள்ள எப்போதும் ஆள் தேவைப்படும். மற்ற மாதங்களில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். ஏன் வாரா வாரம் போகிறாய் என்று அவர் இதுவரை கேட்கவில்லை.