குதிரைக்கு வைத்த ஜன்னல்

மார்கழியில் எங்கள் பக்கம் குளிர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. விடியும்போது ரப்பர் இலையில் கொஞ்சம் பனி நிற்கும். மரங்களில் பால் எடுத்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். அந்தப் பனிக்குப் பயந்துதான் தோட்டத்து முதலாளி தன் குதிரையைக் கம்பளியால் மூடினார்.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று வாங்கிய வெள்ளைக் குதிரை. லாயம் கட்ட மனசில்லாமல், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் பழைய புகைப்புரையில் அதைக் கட்டினார். பட்டம் வாங்கி, அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என்னை அதைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார். அதே புரைக்குள் பல வருஷம் ஷீட் அடுக்கி நெருப்புப் போட்டவர் என் அப்பா. அவர் இருமாமல் எங்கள் வீட்டில் பொழுது விடிவதில்லை.

புகைக்காகக் கட்டிய அறை, ஜன்னல் கிடையாது. கதவிலும் சாக்குத் தொங்கவிட்டிருந்தார். காலையில் உள்ளே போனால் மூத்திர நெடியில் கண் எரியும். கம்பளிக்கு அடியில் கை வைத்தேன். முதுகு முழுக்க வியர்வை.

"இதுக்குக் குளிரல்ல மொதலாளி, வேர்க்குது. கம்பளிய எடுத்துட்டு ஒரு ஜன்னல் வைக்கணும்," என்றேன்.

"எலே, நீ படிச்சது காமர்ஸாக்கும். குதிரைக்க டாக்டருக்கா படிச்ச?" பால் அளக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "அதுக்கு எதாவது வந்துதுன்னா ஒன்னயாக்கும் பிடிப்பேன், கேட்டியா?"

என்னைப் பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் தோட்டத்தில்தான் அம்மாவுக்கும் வேலை. அவர் அந்தப் பக்கம் போனதும் சாக்கைத் தூக்கிக் கட்டி, கம்பளியை உருவி, நனைந்த வைக்கோலை வாரிப் போடுவேன். பைக் சத்தம் கேட்டால் எல்லாம் பழையபடி. கதவு வழியாக மட்டும் வந்த காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றது. குதிரை இருமத் தொடங்கியது.

நெய்யாற்றின்கரையிலிருந்து மிருக டாக்டர் வந்தார். வாசலில் நின்றே மூக்கைப் பொத்தினார். "இதினு தணுப்பொந்நுமில்ல. காற்றாணு வேண்டது. ஜன்னல் வைக்கணம்." குளிரில்லை, காற்றுதான் வேண்டும் என்று நான் சொன்னதையே மலையாளத்தில் சொன்னார்.

"வைக்கலாம் சாரே, இன்னைக்கே வைக்கலாம்," என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பவே இல்லை. மாலைக்குள் கொத்தனார் எதிரெதிர்ச் சுவர்களை உடைத்து ஜன்னல் வைத்தார். காற்று குதிரையின் முதுகுக்கு மேலாகக் கடந்து போயிற்று.

வீட்டில் சொன்னேன்.

"கெழக்குச் சொவருலயா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமா."

"அங்கதான் ஒரு ஓட்டையாவது போட்டுத் தாங்கன்னு நானும் கேட்டேன். ஷீட்டு கெட்டுப்போவும்னாரு." சிரிக்கப் போனவரை இருமல் பிடித்துக்கொண்டது.

அம்மா வெந்நீரோடு வந்தாள். "மிண்டாம இதக் குடியுங்க. நீங்க இருமினா அந்த டாக்டரு வரமாட்டாரு."

குதிரைக்கு இருமல் நின்றுவிட்டது. கம்பளியை மடித்துப் பரணில் போட்டாயிற்று. வருகிறவர்களிடம் முதலாளி ஜன்னலைக் காட்டி டாக்டரைப் புகழ்கிறார். அது போகட்டும். வாயில்லாத ஜீவன், அது என்ன செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் காலையில் போய்க் கழுத்தைத் தொடும்போது அது உலர்ந்து, இதமாக இருக்கிறது. மூச்சு சத்தமில்லாமல் வந்துபோகிறது. எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. வயிறுதான் எரிகிறது.